பிரிக்காத பெட்டி

தம்பி: தொடாதே! தொடாதேக்கா! கையில எண்ணெய் இருக்கும்.

அக்கா: டேய், இப்பத்தான் சோப்பு போட்டுக் கழுவிட்டு வந்தேன்.

தம்பி: அப்ப ஈரம் இருக்கும். இந்தா, கையுறை.

அக்கா: ஒரு வீடியோ கேமைத் தூக்கக் கையுறையா? பிரசவமா பாக்கப் போறோம்?

தம்பி: வெறும் கேமா இது? மாமா கப்பல்ல இருந்து கொண்டு வந்தப்போ மேல சுத்தியிருந்த அதே பிளாஸ்டிக் உறை. இருபத்தாறு வருஷமாப் பிரிக்கல. பழைய கேம் சேகரிக்கிற எங்க கிளப்ல ஒருத்தர்கிட்டகூட இல்ல, தெரியுமா!

அக்கா: ஏன் பிரிக்கலன்னும் சொல்லு. யார் முதல்ல ஆடுறதுன்னு நாம உருண்ட உருளல்ல அம்மா பிடுங்கி பீரோல வெச்சாங்க.

தம்பி: "ரெண்டு பேரும் ஒத்துமையா வந்து கேளுங்க, அன்னைக்குப் பிரிப்போம்."

அக்கா: நாம என்னைக்கு ஒத்துமையாக் கேட்டோம்!

தம்பி: அந்தச் சண்டைக்குத்தான் இன்னைக்குப் பலன். நாலு மணிக்குக் கிளப் தலைவர் வர்றார். லென்ஸோட!

அக்கா: லென்ஸா...? அது எதுக்கு?

தம்பி: உறையோட ஓரத்தைப் பாக்க. அந்தக் கம்பெனி போட்ட ஒட்டா, பின்னால யாராவது போட்டதான்னு ஒரே பார்வையில சொல்லிடுவார். சரின்னுட்டா கண்காட்சியில நடு மேடைக்கா! கண்ணாடிப் பேழை! அடியில நம்ம ரெண்டு பேர் பேரும்!

அக்கா: ஒரே பார்வையிலயா...

தம்பி: ஆமா... ஒரே பார்வையில.

அக்கா: ஏன்டா... பேசாமப் பிரிச்சிடலாமா?

தம்பி: என்னது!

அக்கா: ஆடுறதுக்குத்தானே செஞ்சான்? நீ கல்யாணத்துக்கு எடுத்த ஷூவையே இன்னும் அட்டைப்பெட்டியில வெச்சிருக்கிற ஆளு. வாரம் ஒரு தடவை மூடியைத் திறந்து பாத்துட்டு மூடுறியாம். உன் பெண்டாட்டி சொன்னா.

தம்பி: பிரிச்சா ஆயிரத்துல ஒண்ணு. பிரிக்கலன்னா ஒண்ணே ஒண்ணு. உனக்கு எங்க புரியப் போகுது.

அக்கா: சரிடா ஒண்ணே ஒண்ணு. மேசையில என்ன தாளு?

தம்பி: அது... நாம கையெழுத்துப் போடணும். "வாங்கிய நாள் முதல் இப்பெட்டி ஒருமுறையும் பிரிக்கப்படவில்லை. தவறெனத் தெரிந்தால் உறுப்பினரை நீக்கலாம்."

அக்கா: உன்னை நீக்கிடுவாங்களா?

தம்பி: அந்தக் கிளப் இல்லன்னா எனக்கு ஞாயித்துக்கிழமையே இல்லக்கா.

அக்கா: ...சரி. போடு கையெழுத்த.

தம்பி: நீ போடு. மூத்தவ நீதானே.

அக்கா: கிளப்காரன் நீதானே.

தம்பி: பேனா எழுத மாட்டேங்குது.

அக்கா: உள்ளங்கையில நல்லாத்தானே எழுதுது?

தம்பி: தாள்ல எழுத மாட்டேங்குதுக்கா.

அக்கா: பிரிச்சிடலாம்டா.

தம்பி: சரி.

அக்கா: என்ன சரி? நீ குறுக்க விழுந்து தடுப்பேன்னு பாத்தேன்.

தம்பி: அக்கா ஆசைப்பட்டுக் கேக்கிற...

அக்கா: அடேங்கப்பா! என்னைக்கும் இல்லாத பாசம் இன்னைக்குப் பொத்துக்கிட்டு வருது.

அம்மா: என்னடா ரெண்டு பேரும் கூரை பறக்கிற மாதிரிக் கத்துறீங்க? கண்ணு மூட விடுறீங்களா?

அக்கா: அம்மா! நாங்க ஒத்துமையா வந்து கேக்கிறோம். பிரிக்கலாமா?

அம்மா: இப்பவா...? இன்னும் ஒரு வாரம் போகட்டுமே.

தம்பி: இருபத்தாறு வருஷம் போச்சு, இன்னும் ஒரு வாரம் எதுக்கு?

அம்மா: சும்மாத்தான் சொன்னேன். உங்க இஷ்டம்.

அக்கா: பிடிடா அந்த மூலையை. ஒண்ணு... ரெண்டு...

தம்பி: இரு, இரு! மூச்சு விட்டுக்கிறேன்.

அக்கா: மூணு!

தம்பி: ஐயோ, அந்தச் சத்தம்! கேட்டியா!

அக்கா: கேட்டேன்டா! ஆமா... மாத்திரை டப்பா வாசனை வருதே?

அம்மா: பழசானா எல்லாம் அப்படித்தான் வரும்.

தம்பி: மருந்துக் கம்பெனியில இருபது வருஷம் டப்பாவுக்கு உறை போட்ட அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்.

அக்கா: டிவில போட்டுப் பாக்கலாமா? ஆடின ஆட்டத்தை ஞாபகம் வெச்சுக்க உள்ள ஒரு குட்டி பேட்டரி இருக்குமே... அது இந்நேரம் செத்திருக்கும் இல்ல?

தம்பி: செத்திருக்கும். செத்திருக்கணும்... பழைய கேம் மெஷின் எங்கம்மா?

அம்மா: டிவிக்குப் பின்னாடி. வயர் மாட்டித்தான் இருக்கு.

அக்கா: யார் மாட்டினா?

அம்மா: தூசி அடையக் கூடாதுன்னு.

தம்பி: வருது! வருதுக்கா! கோட்டை! குதிரை! பாட்டு பாரு!

அக்கா: கண்ணுல தண்ணி வருதுடா... ஆட்டத்தைச் சேமிக்க மூணு பேருக்கு இடம் போட்டிருக்கான். முதல் இடத்துல ஏதோ பேரு...

தம்பி: "வாலு". இந்த வீட்டுல வாலுன்னு யாரைக் கூப்பிடுவாங்க?

அக்கா: பத்தாவது படிக்கும்போது... காய்ச்சல்னு மூணு நாள் படுத்தேனே...

தம்பி: பொய்க் காய்ச்சலா! உனக்கு நான் கஞ்சி ஆத்திக் குடுத்தேனேடி!

அக்கா: அக்காவை "டி" போடாதே. ரெண்டாவது இடத்துல என்ன? "குண்டு". அது எந்த வீட்டுக் குண்டு?

தம்பி: ...உனக்குக் கல்யாணமாகி நீ கிளம்பின வாரம். வீடே வெறிச்சுனு இருந்துச்சு. சண்டை போட ஆளில்ல. பிரிச்சுட்டேன்.

அக்கா: அப்ப என் பேரைப் பாத்திருப்பியே? பதினஞ்சு வருஷமாச் சொல்லலியே!

தம்பி: சொன்னா நானும் பிரிச்சேன்னு தெரிஞ்சிடாதா?

அக்கா: அடப்பாவி... உனக்கு யாருடா திரும்ப உறை போட்டுக் குடுத்தது?

தம்பி: அம்மா. உனக்கு?

அக்கா: எனக்கும் அம்மாதான்! அம்மா!

அம்மா: அவ சொல்லாதேன்னா. நீயும் சொல்லாதேன்னே. நான் யாருகிட்டயும் சொல்லல.

தம்பி: வாசல் மணி! வந்துட்டார்! அந்தத் தாளைக் குடு, கிழிச்சுப் போடுறேன். பிரிச்சாச்சுன்னு வாசல்லயே சொல்லிடுறேன். ஞாயித்துக்கிழமை போனாப் போகுது... உங்கூட ஆடிக்கிறேன்.

அக்கா: வாடா என் செல்லக் குண்டு! ...டேய், நில்லு. மூணாவது இடமும் காலியில்ல.

தம்பி: பேர் என்ன?

அக்கா: பேர் போடல. நூத்துப் பதினாலு மணி நேரம் ஆடியிருக்கு! பதினெட்டாவது கோட்டை! நாம நாலாவதையே தாண்டல!

தம்பி: அம்மா... யாரும்மா இது?

அம்மா: அந்த மனுஷனை வாசல்லயே நிக்க வெக்காம உள்ள கூப்பிட்டு உக்கார வை. பதினெட்டாவது கோட்டையில கடைசிக் கதவோட சாவி எங்க இருக்குன்னு அவருக்காவது தெரியுமா கேளு... மூணு மாசமாத் தேடுறேன், கிடைக்க மாட்டேங்குது.