தறி சத்தம் நின்னுபோன செவ்வாக்கெழம

ஓடறேன். ஒம்பதாவது தடவ. செவ்வாக்கெழம, காலைல பத்து பத்து. ஒரு கையில சொம்பு, ஒரு கையில வேட்டி. பின்னாடி துப்பாக்கியோட யாரும் வரல. சண்டை என் வயித்துக்குள்ள. எதிரி, முந்தாநாள் வச்ச மீன் கொழம்பு. வேணாம்னு மூக்கு சொல்லிச்சி. தனியா இருக்கறவன் மூக்கு பேச்ச கேக்கறதில்ல.

ஆரணியில பட்டு நெய்யறவன் நானு. ஃபேன் போட மாட்டேன், எழை அறுந்துடும். தறிகிட்ட தண்ணி வைக்க மாட்டேன், ஈரக்கை பட்டா கறை. அன்னிக்கி என் சொந்த மூளையும் சேந்துகிச்சி. தண்ணி குடிச்சாதான இன்னும் போவும்? நிறுத்திட்டேன். எதிரிக்கி சப்ளை கட் பண்றேனாம். பெரிய தளபதி.

பதினொண்ணு. தறிக்குழியில எறங்கனேன். டக். டக். அவ்ளோதான். தலை சுத்துது. எழை ரெண்டு ரெண்டா தெரியுது. நாக்கு மேல்வாயில ஒட்டிகினு வரல. காலைல போன ஒண்ணுக்கு டீ டிகாஷன் கலரு. அப்பறம் அதுவும் இல்ல.

சொவுத்துக்கு அந்தாண்ட சரசுவோட தறி. என் சத்தம் நின்னா அவ கத்துவா. நான் பதில் கத்துவேன், "ஆமா, மாலை வாங்கினு வா!" சம்சாரம் போனப்பறம் இந்த வீட்ல நடக்கற ஒரே பேச்சு.

அன்னிக்கும் கத்தனா, "இன்னாண்ணே, செத்துட்டீங்களா?"

வாய தொறந்தேன். ஜோக் வரல.

அவ தறியும் நின்னுச்சி. அந்த அமைதிதான் எனக்கு பயம்.

கதவு. படார். தாழ்ப்பா தெறிச்சி உழுந்துச்சி. சரசு என் வயித்து தோல கிள்ளி உட்டா. மடிப்பு மெதுவா எறங்குது. "கண்ணு குழி உழுந்துகீது! ஒடம்புல தண்ணியே இல்லண்ணே!" அவ வீட்லேர்ந்து ஓ.ஆர்.எஸ். உப்பு சக்கர பாக்கெட் கொண்டாந்தா. நான் டம்ளர்ல கொட்ட போனேன்.

"ஐயோ, கொட்டாதீங்க! ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டரு! காய்ச்சி ஆறவச்ச தண்ணி!"

மடக்குனு குடிச்சேன். வாந்தி. பத்து நிமிஷம் உட்டு, ஸ்பூன் ஸ்பூனா. சரசு கூப்ட்ட ஆட்டோ வாசல்ல நிக்குது. உள்ள போனது தங்கலன்னா நேரா ஆஸ்பத்திரி. தங்கிச்சி. பாக்கெட் தீந்துது. அடுத்த லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சக்கர, அர டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளந்தா.

நாலு அம்பது. ஒண்ணுக்கு வந்துச்சி. தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தனேன். ஆட்டோக்காரர் கை தட்டினாரு.

இழப்பு. வேட்டி ரெண்டு. கொழம்பு ஒரு சட்டி. நெசவு ஒன்றர நாளு. கதவு தாழ்ப்பா ஒண்ணு, இன்னும் மாத்தல.

ஆளு சேதம் இல்ல. சண்டைக்கி முன்னாடி வீட்ல ஒருத்தன். அப்பறமும் ஒருத்தன்.