எண்பத்து மூன்றில் நின்ற பிரதி

தெரேரே மூலிகைக் குளிர்பானம் கொஞ்சம் கசப்பாக இருந்தால்தான் எனக்குப் பிடிக்கும். நீங்கள் கொடுத்தது நன்றாகவே இருந்தது, நன்றி.

பேக்கப் ஏன் நின்றது என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். கணினி வட்டில் உள்ள தேதிகளை உங்கள் ஆள் பார்த்துவிட்டார், அதனால் சொல்லிவிடுகிறேன். எங்கள் மருத்துவமனையில் நோயாளிகளின் குறிப்புகளெல்லாம் ஒரே சர்வரில் இருக்கின்றன. தினமும் விடிகாலையில் அவை இன்னொரு வட்டில் பிரதியாகும். போன ஜூன் பதினைந்தாம் தேதி அந்த வேலை எண்பத்து மூன்று சதவீதத்தில் நின்றுவிட்டது. நின்றதோடு விடவில்லை, குறிப்புகளையும் பூட்டிக்கொண்டது.

ஏழு மணிக்குத் தலைமைச் செவிலி நிமியா ஒவேலார் போன் செய்தார்.

“எலிஹியோ, உன் பெட்டி இன்னும் தூங்குதாப்பா? நாப்பது பேர் மருந்துக்கு உக்காந்திருக்காங்க. நான் என்ன ஜோசியமா பாக்கட்டும்?”

அந்த வேலையை நிறுத்தினேன். எல்லாம் திறந்துகொண்டது. பத்து மணிக்கு அவரே சூடாகச் சிப்பா ரொட்டி கொண்டுவந்து தந்தார். மறுநாளும் நின்றது, மறுநாளும் நிறுத்தினேன். காரணம் தேட வேண்டுமானால் சர்வரை அரை நாள் மூட வேண்டும். நோயாளிகளை அவ்வளவு நேரம் காக்கவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஜூலையில் அந்த வேலை தொடங்காதபடியே செய்துவிட்டேன். ‘பிரதி முடிந்தது’ என்று இயக்குநருக்குத் தினமும் ஒரு தகவல் போக வேண்டும். அது மட்டும் தானாகப் போய்க்கொண்டிருந்தது.

ஜனவரிக் கோடையில் பரானா ஆற்றங்கரை வெயில் உங்களுக்குத் தெரியும். சர்வர் அறையின் ஏசி நின்று, வட்டு போய்விட்டது. யாரும் பதறவில்லை, பிரதிதான் இருக்கிறதே. நான் ஜூன் பதினான்காம் தேதிப் பிரதியை ஏற்றினேன். அதற்குப் பின் வந்த நோயாளிகளைக் காணோம் என்றார்கள். “கொஞ்ச நாள்ல ஒண்ணொண்ணா வந்து சேரும்” என்றேன். குமாஸ்தாக்கள் பொறுமைசாலிகள்.

எட்டாம் நாள் காலை, சுனில்டா என்ற பள்ளி ஆசிரியையைக் காய்ச்சலில் நினைவில்லாமல் தூக்கி வந்தார்கள். நான் அதே அறையில் அச்சுப்பொறியைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். நிமியா திரையில் அவருடைய பழைய பதிவைப் பார்த்தார். ஒவ்வாமை: எதுவும் இல்லை. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“இந்த டீச்சரை முன்னாடி பாத்த ஞாபகம். ஏதோ ஒரு மருந்து ஆகாதுன்னு... எலிஹியோ, எல்லாம் சரியாத் திரும்ப வந்துச்சில்ல?”

“எல்லாம் இருக்குக்கா. நீங்க போடுங்க.”

பென்சிலின் ஏறிப் பதினொரு நிமிடத்தில் அந்த அம்மா இறந்துபோனார். எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். இடைஞ்சலாக இருக்க வேண்டாமென்று அச்சுப்பொறியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

“செப்டம்பர்ல நானே எழுதினேன், நானே கம்ப்யூட்டர்ல ஏத்தினேன்” என்று விசாரணையில் நிமியா திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மைதான். எதையும் முதலில் தாளில் எழுதுவது அவர் வழக்கம். தேடிப் பார்க்கும்படி இயக்குநர் என்னிடம்தான் சொன்னார். கோப்பு அறையில் அந்தத் தாள் இருந்தது: செப்டம்பர் ஒன்பது, சிவப்பு மையில் ‘பென்சிலின் கூடாது’, அடியில் அவர் கையெழுத்து. அன்று என் வீட்டு முற்றத்தில் மாவிலைச் சருகைக் கூட்டி எரிக்கும் நாள். அதோடு போட்டேன். ஒரே ஒரு தாள்.

பிறகு சாவகாசமாக உட்கார்ந்து, பிரதி ஏன் நின்றது என்று பார்த்தேன். கெட்டுப்போன எக்ஸ்ரே படம் ஒன்று வழியை அடைத்துக்கொண்டிருந்தது. எடுத்துப்போட நான்கு நிமிடம் ஆனது. அரை நாள் ஆகும் என்று நான் போட்ட கணக்கு தப்பு. இப்போது தினமும் ஒழுங்காக முடிகிறது, நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வாமையைப் பதியாமலே விட்டார் என்று நிமியாவுக்குச் சிறை கிடைத்தது. ஞாயிறுதோறும் அங்கே போய் அவரைப் பார்க்கிறேன். வேறு யாரும் போவதில்லை. போன வாரம் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்:

“நான்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தாம விட்டுட்டேனா தம்பி?”

“யாருக்கும் நடக்கிறதுதான்க்கா” என்றேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் என்னை மன்னித்திருப்பார், அவ்வளவு நல்ல மனசு. ஏற்கெனவே இத்தனை கஷ்டத்தில் இருப்பவர்மேல் அந்தப் பாரத்தையும் ஏற்ற வேண்டாமே என்றுதான் சொல்லாமல் இருந்தேன்.