இருநூத்தி எண்பத்தாறு கிரெய்ன்

இல்லை சஞ்சய் அண்ணை, அந்தப் பெட்டியை வையுங்கோ. அது இருநூத்தி முப்பத்திரண்டு கிரெய்ன், பாரம் குறைஞ்ச சன்னம். வேகமாப் போகும்தான். ஆனா நீங்கள் சுடப்போறது மரை. உங்கட ஊரிலை கடமான் எண்டுவியள், என்ன? அதின்ரை தோள் எலும்பிலை பட்டால் இது சிதறிப்போகும். மரை விழாது, ஓடும். பத்தைக்குள்ளை ரெண்டு நாள் கிடந்துதான் சாகும். உங்கட நைன் பொயின்ற் திறீ ரைபிளுக்கு இருநூத்தி எண்பத்தாறுதான் சரி. மெதுவாப் போனாலும் ஆழமாப் போகும்.

ஓம், வரதராஜா அங்கிள் இப்ப வந்திடுவார். தேத்தண்ணி போடப் போனவர். பட்டறை அவற்ரை, தோட்டாவுக்குள்ளை மருந்தை அவர்தான் அளந்து போடவேணும், எனக்கு லைசன்ஸ் இல்லை. தற்காலிகமா இருக்க விடுற பிரிட்ஜிங் விசாக்காரனுக்கு ஆர் அண்ணை துவக்கு லைசன்ஸ் தருவினம்? கெமிஸ்ட்ரி படிச்ச பெடியன், பிழை விடான் எண்டு லேபிளையும் கொப்பியையும் என்னட்டைத் தந்திருக்கிறார். முதல் அஞ்சு தோட்டாவும் குறைஞ்ச மருந்திலை. சுட்டுப் பாத்துப்போட்டு, பிறகு கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டுறது. லேபிள் மாறினால் துவக்கே கையிலை சிதறும்.

சிரிக்காதேங்கோ. சன்னம் எண்டும் எழுதுவன், பக்கத்திலை தோட்டா எண்டும் எழுதுவன். குண்டு எண்டு மட்டும் எழுதமாட்டன், எங்கட ஆக்களுக்கு அது பொம். வாற மாசம் விசா முடியுது, இனி நீட்டமாட்டினமாம். நான் போனபிறகும் வாசிக்கிற ஆளுக்கு விளங்கவேணும்தானே.

நீங்கள் போனிலை மொழிபெயர்க்கிறனீங்கள் எண்டு அங்கிள் சொன்னவர். பதினைஞ்சு வருஷமோ? ம்.

எனக்கும் விசா விசாரணையிலை மொழிபெயர்க்க ஒருத்தர் போனிலை வந்தவர். அப்ப நான் படகாலை இறங்கி ரெண்டு கிழமை, வயசு பதினைஞ்சு, இங்கிலீசு ஒரு சொல்லும் தெரியாது. அப்பாவுக்கு வெடி விழுந்தது, ரெண்டு நாள் கிடந்து செத்தவர் எண்டனான். எங்களுக்கு வெடி எண்டால் துவக்குச் சூடு. அவர் பட்டாசு விபத்து எண்டு இங்கிலீசிலை சொல்லிப்போட்டார். பிறகு நான் ஆமிக்காரன் சுட்டது எண்டு சொல்ல, கதையை மாத்திறான் எண்டு எழுதிப்போட்டினம். வழக்குப் போட்டுக் கோர்ட்டு வரைக்கும் போய்த் தோத்தாச்சு.

அந்த விசாரணையைப் பதிஞ்ச ஒலிநாடா எல்லாம் முடிஞ்சபிறகுதான் கையிலை கிடைச்சது. எத்தினை தரம் கேட்டிருப்பன். வெடியா தம்பி எண்டு ஒருக்காக் கேக்குது அந்தக் குரல். நானும் ஓம் எண்டிருக்கிறன். அதாலை பாதிப் பிழை என்னிலையும்தான்.

இண்டைக்கு உள்ளை வரேக்கை நீங்கள் கேட்டனீங்களே, வெடியா தம்பி செய்றீங்க எண்டு. அதே குரல்.

ஏன் எழும்புறியள்? இருங்கோ அண்ணை, தேத்தண்ணி வருது. அண்டைக்கு விட்ட பிழையை எழுதிக் கடிதம் தாறியளோ? வேண்டாம், இனி ஒருத்தரும் வாசிக்கமாட்டினம். இந்தாங்கோ உங்கட லேபிள். விளங்குதோ எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ.