பூஞ்சை பிடித்த லென்ஸ்

லென்ஸைத் தோல் உறையில் வைக்கக் கூடாது, ஐயா. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழைக்காலம் முடிவதற்குள் உள்ளே பூஞ்சை படர்ந்துவிடும். இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் மணிகளோடு வைக்க வேண்டும். ஈரம் குடித்தால் நீல மணி ரோஸாகும், சூடு காட்டினால் மறுபடி நீலம். இதை என் ஸ்டுடியோ கூட்டாளி நந்தகுமாருக்கு நூறு தரம் சொல்லியிருக்கிறேன். காது கொடுத்துக் கேட்டால் துரைக்குக் கௌரவம் குறைந்துவிடும்.

என்னிடம் இருந்த நல்ல லென்ஸ் ஒன்றே ஒன்று. கிட்டப் படம் எடுக்கவென்றே விற்கிற லென்ஸ் வாங்க எனக்கு வக்கில்லை. சின்ன வளையம் ஒன்றைப் போட்டு இதையே முன்பின்னாகத் திருப்பி மாட்டினால் எறும்புக் காலின் மயிர்கூடத் தெரியும். 2006 ஐப்பசியில் மங்கலம்பேட்டைக் கல்யாணத்துக்கு அதைக் கொண்டுபோன நந்தகுமார், இரண்டு மாதம் தோல் உறையிலேயே போட்டு வைத்திருந்தான். திருப்பித் தந்தபோது கண்ணாடிக்குள் வெள்ளை நூலாகப் படர்ந்திருந்தது.

"தொடச்சா போயிடும் வுடுண்ணே. கண்ணாடிதான, பொண்டாட்டியா?" என்று சிரித்தான்.

லென்ஸ் செத்துவிட்டது, கொன்றவன் சிரிக்கிறான்.

சக்கரபாணியின் பீங்கான் பொம்மைச் சூளையில், அடுப்பை அணைத்த மறுநாள் மிச்சமிருக்கும் சூட்டில்தான் நாங்கள் மணிகளைக் காயவைப்போம். அந்த ஞாயிறு மதியம் அங்கே வேலையாட்கள் இல்லை. நந்தகுமார் மணித்தட்டோடு குனிந்து உள்ளே போனான். நான் இரும்புக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

"தெறண்ணே, வேகுதுண்ணே" என்று கதவை அடித்தான். நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது சத்தமில்லை.

என் வேலை முடிந்த பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன். தாழ்ப்பாள் தானாக விழுந்துவிட்டதாக நீங்கள் போலீஸ் ரிப்போர்ட்டில் எழுதிக்கொண்டீர்கள். அதோடு விட்டிருப்பேன். ஆனால் ஸ்டுடியோ சுவரில் பெரிதாக ஒரு படம் மாட்டியிருக்கிறேனே, அது என்னவென்று ஆறு மாதமாக ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை.

"எந்தச் சூளை கிளேஸுப் பூச்சுங்க இது? வெடிப்பு அழகா வுழுந்திருக்குது" என்றார் சக்கரபாணி. நீங்களும் பீங்கான் என்றுதான் சொன்னீர்கள். பீங்கான் சூளை நிறைந்த விருத்தாசலத்துக்காரன் கண்ணுக்கு வெடித்ததெல்லாம் பீங்கான்.

அது நந்தகுமாரின் கீழுதடு, ஐயா. கிட்டப் படத்தில் ஆள் அசையவே கூடாது. அவன் அசையவில்லை.

அவன் பாழாக்கிய அதே லென்ஸில்தான் எடுத்தேன். எவ்வளவு துல்லியமாக வந்திருக்கிறது பாருங்கள். பூஞ்சை இருந்த சுவடே தெரியவில்லை.