தவராசா திருத்திக் கொடுத்த பிக்கப்

பின்னேரம் நாலே முக்கால். தொண்ணூற்று நாலாம் ஆண்டு, டிசம்பர் மாதம்.

நாலே முக்கால்தானே என்று நினைக்காதீர்கள். அந்த மாதத்தில் ஜெர்மனியின் டோர்ட்மண்டில் நாலரைக்கே வானம் கறுத்துவிடும். நகரத்தை விட்டு வடக்கே போனால் கால்வாயை நோக்கி ஒரு வீதி ஓடுகிறது. இரண்டு பக்கமும் கைவிடப்பட்ட நிலக்கரி முற்றங்கள். வீதிவிளக்கு ஒன்றுகூட இல்லை. நேராக ஒரு கிலோமீற்றர் போய், தண்ணீர்க் கரையில் சட்டென்று இடது பக்கம் மடங்கும். மடங்காமல் நேரே போனால்... கால்வாய்.

அந்த வீதியில் ஒரு பழைய பிக்கப் தனியாக வந்துகொண்டிருந்தது. ஓட்டிவந்தவர் தவராசா. என் கூட்டாளி சஞ்சயனின் அத்தான். இந்த விஷயம் வெளியே வந்ததும் சஞ்சயனின் அக்கா, தவராசாவின் மனைவி ஞானமலர் மூலம்தான். தவராசா செத்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஊரில் லொறி மெக்கானிக். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார், அதில் பொய் இல்லை. ஆனால் இங்கே ஒரு கராஜில் பத்து வருடமாக உதவியாள். அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்த பத்திரம் கையில் இல்லாதவனுக்கு அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அது அவருக்கு வயிற்றில் ஒரு புளிப்பாகவே கிடந்தது. அந்தப் புளிப்பை எல்லோர் மேலும் துப்புவார். கராஜின் தலைமை மெக்கானிக்கான மைஸ்டர், புத்தகம் பார்த்து நட்டுக் கழற்றுகிறவன். கோயிலுக்குப் போகிறவர்கள் வேலை வெட்டி இல்லாதவர்கள். கார் வைத்திருக்கும் தமிழர்கள் முக்கால்வாசிப் பேர் மாட்டு வண்டிக்குத்தான் லாயக்கு. பேய், பிசாசு என்று யாராவது வாய் திறந்தால் அவருடைய மேலுதட்டில் ஒரு பக்கம் மட்டும் மேலே தூக்கும். அது சிரிப்பு இல்லை. சப்பாத்தில் ஒட்டிய சாணியைப் பார்க்கிற முகம்.

பிக்கப் அவருடையது அல்ல. அரியரத்தினத்தினுடையது.

அரியரத்தினம் தமிழ்ச் சாமான் கடை வைத்திருந்தவர். பயந்த மனிதர். அரிசி, வெங்காயம் ஏற்றி இறக்கவென்று பன்னிரண்டு வயதான அந்தப் பிக்கப்பை மலிவாக வாங்கியிருந்தார். மூட்டைகளை அடுக்கி வைக்க கால்வாய்க் கரையில் ஒரு கொட்டிலை வாடகைக்கு எடுத்திருந்தார். அதனால் ஒவ்வொரு நாளும் பின்னேரம் அந்த வீதியால் போய் வரவேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலை தவராசாவின் வீட்டு முற்றத்தில் பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"அண்ணை, ஆக்சிலேற்றர் பெடல் கீழ போனா மேல வருகுதில்லை. நேற்று முன் சில்லு ரெண்டும் கால்வாய்க் கரைப் புல்லிலதான் போய் நிண்டது. பக்கத்தில என்ர மனிசி கமலாம்பிகையும் இருந்தவ."

"எவ்வளவு நாளா?"

"வாங்கின நாள் தொட்டு. அந்த றோட்டில மட்டும்தான் அண்ணை, அதுவும் பொழுதுபட்டாப் பிறகு. எனக்கு முந்தி இதை வைச்சிருந்த மனிசன் இருக்கிறாரல்லோ, அவர்..."

தவராசா கையை உயர்த்தினார். "நிப்பாட்டும். உந்தப் பேய்க்கதையைக் கடையில வெங்காயத்தோட சேர்த்து வில்லும். வயருக்கு என்ன, றோட்டுத் தெரியுமே? திறப்பைத் தந்திட்டு நாளைக்கு வாரும்."

அரியரத்தினம் திறப்பைக் கொடுத்தார். அந்த மனிசனைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

முன்மூடியைத் திறந்த ஐந்தாவது நிமிடம் தவராசா பழுதைக் கண்டுபிடித்துவிட்டார். பெடலிலிருந்து எஞ்சினுக்குப் போகும் வயரில் நாலு இழை அறுந்து, உறைக்குள் முள்ளுப் போலக் குத்திக்கொண்டு நின்றது. பெடலின் அச்சில் கறள். இழுக்கிற ஸ்பிரிங் தளர்ந்து கிழவன் வாய்போலக் கிடந்தது. புது வயர் போட்டார். கறளைச் சுரண்டிக் கிறீஸ் பூசினார். புது ஸ்பிரிங் மாட்டினார். கையால் நூறு தடவை அமத்தி அமத்தி விட்டார். நூறு தடவையும் டக்கென்று மேலே வந்தது.

அடுத்த நாள் அரியரத்தினத்தின் உள்ளங்கையில் அந்த அறுந்த வயரை வைத்தார்.

"இந்தாரும், உம்மட பேய். வீட்டை கொண்டுபோய்ப் பூப்போட்டுக் கும்பிடும்."

மூன்று நாள் கழிய அரியரத்தினம் திரும்பி வந்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

"அண்ணை... நேற்றும் பெடல் இறங்கினது."

தவராசா அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். பனிக்குப் போடுகிற பெரிய சப்பாத்து. "உந்தப் படகுகளைக் காலில கொழுவிக்கொண்டு ஓடினா ஒண்டென்ன, மூண்டு பெடலும் இறங்கும். பழுது வாகனத்தில இல்லைக் காணும். உம்மிலதான்."

"சரி அண்ணை, என்னிலயெண்டே வையுங்கோ. நீங்கள் ஒருக்கா அந்த றோட்டால ஓடிப் பாருங்கோ. பொழுதுபட."

அப்படித்தான் தவராசா அன்றைக்கு நாலே முக்காலுக்கு அங்கே வந்தார்.

மூன்றாம் கியர். ஐம்பது. ஹீற்றர் இரைந்தது. வண்டிக்குள் வெங்காயத் தோல் மணமும் பெற்றோல் மணமும். தனக்குள்ளே அரியரத்தினத்தைத் திட்டிக்கொண்டு வந்தார். முற்றங்களைத் தாண்டியதும் மணம் மாறியது. நனைந்த தோல்... நனைந்த நிலக்கரி... வெளியே மழை இல்லை.

கிறீச்.

புது ஸ்பிரிங் இழுபடும் சத்தம். அவருக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். ஆனால் அவர் மிதிக்கவில்லை. அவருடைய சப்பாத்து நின்ற இடத்திலேயே நிற்க, பெடல் அதைவிட்டுக் கீழே போயிற்று. சப்பாத்துக்கும் பெடலுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி... பிறகு நாலு விரல்...

எஞ்சின் அலறியது. எழுபது. எண்பது. வெளிச்சத்தில் வளைவுப் பலகை தெரிந்தது, அதற்குப் பின்னால் கறுப்பாகத் தண்ணீர். தவராசா கிளட்சை அமத்தித் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். பிரேக்கில் ஏறி நின்றார். பிக்கப் இழுபட்டு இழுபட்டு, கரைக்குப் பத்தடி இருக்க நின்றது.

சத்தம் இல்லை. எஞ்சின் ஆறுகிற டிக்... டிக்... மட்டும்.

பெடல் இன்னும் கீழேதான் இருந்தது. குனிந்து, விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. சிக்கியது என்றால் அவருக்குத் தெரியும், சிக்கியது கையில் உராயும். இது உராயவில்லை. பாரமாக இருந்தது. கொஞ்சம் பொறுத்து, தானாக மெல்ல மெல்ல மேலே வந்தது... ஆள் ஒருவர் காலை எடுப்பதுபோல.

வேறு யாராயிருந்தாலும் பிக்கப்பை விட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். தவராசாவுக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. தான் கைவைத்துத் திருத்திய ஒன்றை இன்னொன்று வந்து பகிடி பண்ணுவதா?

வீட்டுக்கு வந்து அரியரத்தினத்துக்கு ரெலிபோன் எடுத்தார். "ஒரு சின்னப் பிழை இருக்கு. நாளைக்கு முடிச்சுத் தாறன்." அவ்வளவுதான். ஞானமலருக்கு மட்டும் அரைகுறையாகச் சொன்னார்.

அவள் கோப்பையைக் கழுவுவதை நிறுத்தினாள். "இஞ்சாருங்கோ, முந்தி வைச்சிருந்தவரைப் பற்றி அவர் ஏதோ சொல்ல வந்தவரெண்டனீங்கள். என்னெண்டு ஒருக்காக் கேளுங்கோவன்."

"நானோ? அவனிட்டப் போய்க் கேக்கிறதோ?" என்றார். மேலுதடு தூக்கியது.

அடுத்த நாள் வேலையால் வந்து அவர் செய்ததைக் கேளுங்கள். பெடலிலிருந்து வயரையே கழற்றிவிட்டார். அதற்குப் பதிலாக, ஒரு பழைய காரின் சோக் வயரை எஞ்சினில் கொழுவி, பிடியை ஸ்டியரிங்குக்குக் கீழே பூட்டினார். கையால் இழுத்தால் வேகம், தள்ளினால் குறையும். பெடல் இனி வெறும் தகரத் துண்டு. அதை நிமிர்த்திப் பிடிக்க ஒரு சின்ன ஸ்பிரிங் மட்டும் மிஞ்சியது. பரிசோதனைக்காரன் கண்டால் நம்பர்த் தகட்டைக் கழற்றிக்கொண்டு போய்விடுவான். ஆனால் மூளை! அதை யாரும் மறுக்க முடியாது.

மறுபடி நாலே முக்கால். அதே வீதி. வலது கையில் பிடி. வலது கால் சும்மா தரையில், பெடலுக்குப் பக்கத்தில். முற்றங்களைத் தாண்டினார். நனைந்த தோல் மணம் வந்தது...

கிறீச். பெடல் அடிவரைக்கும் போயிற்று.

எஞ்சின் மாறவே இல்லை. அதே ஐம்பது. அதே இரைச்சல்.

தவராசா சிரித்தார். இரண்டு வருடத்தில் அப்படிச் சிரித்ததில்லை. பிறகு, பக்கத்தில் அரியரத்தினம் இருந்தால் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசினார்.

"மிதி. நல்லா மிதி. உதில ஒண்டும் இல்லையடா விசரா. செத்தாப் பிறகும் ஓடத் தெரியாத சனம்!"

பெடல் மேலே வந்தது. திரும்ப இறங்கியது, தரைத் தகரத்தில் டங்கென்று அடிபட. இன்னொரு தடவை. இன்னும் ஒரு தடவை, வண்டியே அதிர. பிறகு மேலே வந்து அப்படியே நின்றுவிட்டது. மணமும் போயிற்று. வளைவு வந்தது. பிடியைத் தள்ளி, பிரேக் போட்டு, இடது பக்கம் அழகாக மடக்கினார்.

மடக்கிய பிறகுதான் அது நடந்தது. நிறைந்த பஸ்ஸில் தெரியாத ஒருவர் நம் காலில் ஏறி நிற்பாரே... அந்த மாதிரி, அவருடைய வலது சப்பாத்தின் மேல் ஒரு பாரம். நல்ல குளிர். சப்பாத்துக்குள் போட்டிருந்த மேஸிலும் ஈரம் ஊறினது போல. குனிந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. பாரம் மெதுவாக எழும்பிப் போயிற்று.

அதற்குப் பிறகு அந்தப் பிக்கப்பில் ஒரு பிழையும் இல்லை. பெடலில் பழையபடி வயரை மாட்டினார். அரியரத்தினத்தைப் பக்கத்தில் இருத்தி, அதே வீதியில், அதே நேரத்தில், மூன்று நாள் ஓடிக் காட்டினார். பெடல் பசுமாடு மாதிரி இருந்தது. அரியரத்தினம் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கைராசி அண்ணை, கைராசி" என்று கண் கலங்கினார்.

"ராசியுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. வயரும் ஸ்பிரிங்கும்" என்றார் தவராசா. கொண்டாட்டம், கலியாணவீடு, எங்கே போனாலும் பயந்தாங்கொள்ளி அரியரத்தினத்தின் கதையைச் சொல்லி ஆட்களைச் சிரிக்க வைத்தார். அரியரத்தினமும் கூட நின்று சிரித்தார். இன்னும் நாலு வருடம் அந்தப் பிக்கப்பை ஓட்டினார், ஒரு நாளும் அது அவரைக் கைவிடவில்லை.

ஆனால் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு பங்குனியோடு தவராசா கார் ஓடுவதை விட்டுவிட்டார். கேட்டால், நடப்பது உடம்புக்கு நல்லது என்பார். மெக்கானிக் ஒருவர் மழையில் குடை பிடித்துக்கொண்டு டிராமுக்கு நிற்பதைப் பார்த்துச் சனம் சிரித்தது.

காரணம் ஞானமலருக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிவப்பு விளக்கில் கார் நின்றுகொண்டிருந்தது. முன்னால் ஒரு தாய் பிள்ளை வண்டிலைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்தாள். தவராசாவின் வலது கால் பிரேக்கை விட்டு விலகி, பக்கத்துப் பெடலில் இறங்கியது. ஞானமலர் கைப்பிரேக்கை இழுத்த இழுவையில் அவளுடைய நகம் பிய்ந்தது. வண்டிலுக்கு ஒரு சாண் இருக்கக் கார் திணறி நின்றது.

"சப்பாத்து வழுக்கிப் போச்சு" என்றார். குரலில் அந்தப் பழைய புளிப்பு இல்லை. அந்தக் கிழமையே காரை விற்றார்.

டொக்டரிடம் போனார்கள். காலைத் தட்டிப் பார்த்து, தசைப்பிடிப்பு என்று மக்னீசியம் குளிசை எழுதிக் கொடுத்தார். குளிசை முடிந்தது. கால் அடங்கவில்லை. இப்போது படுக்கையிலும் தொடங்கிவிட்டது. அவர் நல்ல நித்திரையில் மல்லாந்து கிடப்பார், வலது பாதம் மட்டும் விரல் நீட்டி மெல்ல மெல்லக் கீழே இறங்கும்... அப்படியே நிற்கும்... நெடுநேரத்துக்குப் பிறகு மேலே வரும்.

தசைப்பிடிப்புத்தான் என்று ஞானமலரும் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். ஒரு இரவு விளக்கைப் போட்டுவிட்டு, கண் கொட்டாமல் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு இருந்தாளாம்.

முதலில் போர்வையில்தான் பள்ளம் விழுகிறது, மேலிருந்து... அதற்குப் பிறகுதான் கால் இறங்குகிறது.