தானாகப் பையைத் திறந்தவன்

எங்கள் வீட்டு ஏசி இப்போது நன்றாகக் குளிர்கிறது. ஜுபைர் கை வைத்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே ஒழுகியதில்லை. செத்துப்போனவனாயிற்றே என்பதற்காகச் சொல்லவில்லை, வேலை உண்மையிலேயே சுத்தம்.

மேடம், உங்கள் ஏட்டு கேட்டுக் கேட்டு எழுதுவதைவிட நானே எழுதித் தந்துவிடுகிறேன். என் பெயர் தேவப்பிரியம். கணவர் எபினேசருக்கு ராயபுரத்தில் கயிறு, தார்ப்பாய் மொத்த வியாபாரம். பூர்வீகம் உடன்குடிப் பக்கம். தண்டையார்பேட்டை டோல்கேட்டில் ஃபிளாட் வாங்கி இருபது வருடமாகிறது. ஒரே மகள் ஜெஸ்லின். இதெல்லாம் நடந்தபோது அவளுக்கு நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்திருந்தோம்.

வெளியாள் வேலைக்கு வருகிறான் என்றால் நகையை எடுத்து ஒளித்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். எப்போதும் அரிசி டிரம்மில்தான் புதைப்பேன். ஜுபைர் ஏசி பார்க்க வந்த அன்று டிரம் காலி. அதனால் ஜெஸ்லினுக்காக வாங்கியிருந்த சங்கிலியைக் காகிதத்தில் சுற்றிக் கருவாட்டு டப்பாவுக்குள் வைத்தேன். சாயங்காலம் தேடியபோது டிரம்தான் ஞாபகத்துக்கு வந்தது, டப்பா வரவில்லை. வயது அப்படி. அதற்கு யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

ஜுபைருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. வேலை முடிந்து கிளம்பும்போது பையைத் தரையில் கவிழ்த்துவிட்டு, "ஒரு தபா பாத்துக்கோங்கக்கா" என்பான். எல்லார் வீட்டிலும் அப்படித்தானாம். அவனுக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர்மேல் யாரோ வீண்பழி போட்டதிலிருந்து வந்த பயம். அன்றும் கவிழ்த்தான். ஸ்பானர், அழுக்குத் துணி, டிபன் பாக்ஸ். வேறொன்றும் இல்லை. நானே குனிந்து பார்த்தேன்.

சங்கிலியைக் காணோம் என்றதும், வீட்டுக்கு யார் வந்தது என்று கணவர் கேட்டபோது நான் பொய் சொல்லவில்லை. ஏசி பார்க்க ஜுபைர் வந்தான், தண்ணீர்க் குழாய்க்காக அடுப்படிக்குள்ளும் போனான், கிளம்பும்போது தானாகவே பையைத் திறந்து காட்டினான் என்றேன்.

"களவாங்காதவன் எதுக்குத் தானா பையத் தொறந்து காட்டுதான்?" என்றார்.

பைக்குள் என்ன இருந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மறுநாள் ஏசி மறுபடி ஒழுகுகிறது என்று ஜுபைருக்குப் போன் செய்தது நான்தான். கணவர் சொல்லி நான் தட்டியதில்லை. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் கணவரின் குடோன் ஆட்கள் நான்கு பேர் இருந்தார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லி அடித்தார்கள். கணவர் வீடியோ எடுத்து ஃபிளாட் குரூப்பில் போட்டார். சாயங்காலத்துக்குள் அது தண்டையார்பேட்டை முழுக்கச் சுற்றிவிட்டது. அவன் பெயரைக் கேட்டதும், நிஜமாகவே எடுத்தானா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கே அது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் கருவாட்டுக் குழம்பு வைக்க டப்பாவைத் திறந்தேன். சங்கிலி கையில் வந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு நிதானமாக யோசித்தேன். அவன் வாங்கிய அடியைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியாது. உண்மை தெரிந்தால் கணவர் ஜெயிலுக்குப் போவார், நிச்சயதார்த்தம் நின்றுபோகும். ஒரு வீடு ஏற்கெனவே கெட்டாயிற்று, இன்னொன்றும் கெட வேண்டுமா? சங்கிலியைக் கழுவி, புடவைக்கடியில் வைத்துவிட்டுக் குழம்பைக் கொதிக்கவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, கணவர் கடைக்குப் போன பிறகு ஜுபைர் வந்தான். ஒரு கண் இன்னும் வீங்கியிருந்தது. கைக்குட்டையைப் பிரித்து ஒரு சங்கிலியைக் காட்டினான்.

"சத்தியமா நான் எட்க்கலக்கா. இது என் சம்சாரம் கௌசரோடது. இத்த வச்சிக்கினு அந்த வீடியோவ மட்டும் எட்த்துடச் சொல்லுங்கக்கா. ஒருத்தனும் வேலைக்கு கூப்ட மாட்றான். புள்ளைங்க ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்னு அய்துகினு கீதுங்கோ."

வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்றால் ஏன் என்று யோசித்திருப்பான். சொல்கிறேன் தம்பி என்று அனுப்பிவைத்தேன்.

அன்று சாயங்காலம் கணவரிடம் எங்கள் சங்கிலியைக் காட்டி, ஜுபைர் வந்து கொடுத்துவிட்டுப் போனான் என்றேன். அவன் வந்ததும் நிஜம், கொடுத்ததும் நிஜம். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. திருடன் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று எழுதி அதே வீடியோவை இன்னொரு முறை போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் ஜுபைர் பைக்கை எண்ணூர்க் கரையில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். காத்திவாக்கத்து மீன்காரர்கள்தான் உடலைக் கரை சேர்த்தார்கள். ஆலயத்தில் அவனுக்காக ஜெபித்தேன். நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது.

கௌசரின் சங்கிலி இப்போது என் கழுத்தில்தான் இருக்கிறது. சும்மா பெட்டியில் கிடப்பானேன் என்று போட்டுக்கொண்டேன். மார்க்கெட்டில் அதைப் பார்த்துத்தான் அவள் உங்களிடம் வந்தாள். கழற்றித் தருகிறேன், கொடுத்துவிடுங்கள்.

அவன் சாவுக்கு நான்தான் காரணம் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் திருட்டு என்று மட்டும் எழுதாதீர்கள் மேடம். அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்பட்ட குடும்பம் இல்லை எங்களுடையது.