கென்டக்கி அணைப்பு

எங்கள் ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் நான் முதலில் பேசுவது காலணியைப் பற்றித்தான். மெயின் தெருவின் செங்கல் நடைபாதை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் குதிகாலைப் பதம் பார்த்துவிடும். என் மனைவி நேடினிடமும் அதையே சொன்னேன். அவள் தன் பழைய நீலக் கான்வாஸ் காலணியை மாட்டிக்கொண்டு வந்தாள். அன்று அவளை எங்கெல்லாம் கூட்டிப்போனேன் என்று நீங்கள் கேட்டதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

கென்டக்கி மாநிலத்து லூயிவில்லில் பர்பன் சுற்றுலா வழிகாட்டியாக இருப்பது சிரமமான வேலை இல்லை. ஊரே அந்தச் சோள விஸ்கியில் ஊறிக் கிடக்கிறது. காலை உணவுக் கடையில் ரொட்டிமேல் ஊற்றும் பாகில் அது இருக்கும். முடிதிருத்தும் கடையில் காத்திருப்பவருக்கு ஒரு மடக்கு தருவார்கள். சவரச் சோப்பு, மெழுகுவர்த்தி, உப்பு, காப்பிக்கொட்டை எல்லாம் பழைய பீப்பாயில் கிடந்து அந்த வாசனையோடு விற்பனைக்கு வரும். கூட்டத்தை ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்கு நகர்த்துவதுதான் என் வேலை.

நேடின் குடித்துக்கொண்டிருந்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். அதை அவள் தங்கை டெலா மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நான் அவளைக் குளியலறைத் தரையிலிருந்து தூக்கியிருக்கிறேன். தலைமுடியைக் கழுவி, சிக்கெடுத்து, பின்னி விட்டிருக்கிறேன். அவள் வேலை பார்த்த பள்ளி நூலகத்துக்குப் போன் செய்து காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். "நீ இல்லன்னா நான் என்னைக்கோ செத்திருப்பேன் லைல்" என்பாள். அந்த வருடங்களை எல்லோரும் கெட்ட வருடங்கள் என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லிப் பழகவில்லை.

பிறகு அவள் நிறுத்தினாள். திரும்பத் தொடங்கினால் ஈரல் தாங்காது, அதோடு முடிந்துவிடும் என்று மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தாள். தானே சமைத்தாள். ஒரு மாலை நான் சீப்பை எடுத்துக்கொண்டு அருகில் போனபோது, "குடு, நானே பண்ணிக்கறேன்" என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். கோபமெல்லாம் இல்லை. சீப்பை வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

இலைகள் பழுக்கும் காலத்தில், நாஷ்வில்லில் இருக்கும் டெலாவிடம் போய்விடப் போவதாகச் சொன்னாள். அங்கே ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருந்தது.

"இந்த ஊர்ல மூச்சு விட்டாலே அந்த வாசனைதான் லைல். நீ வீட்டுக்கு வந்தா உன் சட்டையிலயும் அதான்."

"வேலையை விட்டுடறேன்" என்றேன்.

"வேலை மட்டும் இல்ல." சொல்வதா வேண்டாமா என்று யோசித்தாள். "நான் நல்லா இருக்கறப்ப நீ என்னைப் பாக்கற பார்வை இருக்கே, வந்த விருந்தாளி எப்பக் கிளம்புவாங்கன்னு பாக்கற மாதிரி இருக்கு."

இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் நான் வாதாடவில்லை. அவளே என் தோளில் கை வைத்தாள்.

"கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு நாள் என்னையும் சுத்திக் காட்டேன். எங்கிருந்தோ வர்றவங்களுக்கெல்லாம் காட்டற, எனக்குக் காட்டினதே இல்ல. சாப்பாடு, கடை, அவ்வளவுதான். அது மட்டும் வேணாம்."

"அது வேணாம்" என்று நானும் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை இளவெயில். காலை உணவுக் கடையில் அவள் பாகு வேண்டாம் என்று வெறும் வெண்ணெய் வாங்கிக்கொண்டாள். பீப்பாய்க் கடையில், எல்லோரிடமும் சொல்வதையே அவளிடமும் சொன்னேன். உள்பக்கம் கருக்கிய புதுப் பீப்பாயில்தான் பர்பனை ஊறவைக்க வேண்டும், அதே பீப்பாயில் இன்னொரு முறை ஊறவைக்கக் கூடாது, அது சட்டம்.

"ஒரு தடவை கருகினா போதும்னு விட்டுடறாங்க. எவ்வளவு நல்ல சட்டம்" என்றாள். பீப்பாய்ப் பலகையில் செய்த கோட் மாட்டி ஒன்றை டெலாவின் வீட்டுக்கென்று வாங்கினாள்.

பிறகு பழைய கிடங்குகளின் பின்பக்கம் போனோம். பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவதைத் தேவதைகளின் பங்கு என்று சொல்வது எங்கள் வழக்கம். அந்த ஆவியைத் தின்று ஒரு பூஞ்சை வளர்ந்து, சுற்றியுள்ள சுவர், மரம், வேலி எல்லாவற்றையும் கரியாக்கிவிடும். நேடின் ஒரு வீட்டுச் சுவரில் விரலைத் தேய்த்துப் பார்த்தாள்.

"குடிக்கறது தேவதைங்க, மூஞ்சி கறுக்கறது பக்கத்து வீட்டுக்காரனுக்கா?"

இத்தனை வருடங்களில் என் கூட்டத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. வாய்விட்டுச் சிரித்தேன். அந்த நாள் எனக்குப் பிடிக்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கடைசியாக ஓபலின் மிட்டாய்க் கடை. பெக்கான் பருப்பை பர்பனில் ஊறவைத்து, சர்க்கரையோடு பிசைந்து, சாக்லேட்டில் தோய்த்தெடுக்கும் உருண்டைக்குப் பேர்போன இடம். உள்ளிருக்கும் உருண்டையை அடுப்பில் வைப்பதில்லை, அதனால் அதிலிருக்கும் சரக்கு அப்படியே இருக்கும். இது எங்கள் ஊரில் குழந்தைகளுக்கும் தெரியும். அந்தக் குழந்தைகளுக்காகவும் குடிக்காத பாப்டிஸ்ட் சபைக்காரர்களுக்காகவும் ஓபல் வெனிலாப் பாகில் ஊறியதைத் தனியாகச் செய்து வெள்ளை ரிப்பன் கட்டுவாள். மற்றதற்குச் சிவப்பு.

"வாடி நேடின்" என்றாள் ஓபல். "இப்பதான் உன் மூஞ்சியில ரத்தமே ஓடுது. இந்த மனுஷன் பொண்டாட்டியத் தவிர ஊரையே இங்க கூட்டிட்டு வந்துட்டான்."

"அதான் கடைசியா ஓசி டிக்கெட் வாங்கிட்டேன்."

"இந்தா, உனக்குப் பாப்டிஸ்ட் பெட்டி. அவங்க வீட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு சிவப்பைத்தான் தின்னுறாங்க, அது வேற கதை."

நேடின் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆற்றங்கரை பெஞ்சில் அவளை உட்காரவைத்துவிட்டு, தொப்பியைக் கடையிலேயே விட்டுவிட்டேன் என்றேன். அது உண்மைதான், விட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். ஓபல் தந்த பெட்டி இருந்த பை என் கையில் இருந்தது. கடையில் ஒரு சிவப்பு ரிப்பன் பெட்டி வாங்கி, வழியில் ஒரு வாசற்படியில் உட்கார்ந்து உருண்டைகளை மாற்றி வைத்து, வெள்ளை ரிப்பனைப் பழையபடி கட்டினேன். வெனிலா உருண்டைகளைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். போடும் முன் ஒன்றைத் தின்றுபார்த்தேன். நன்றாகவே இருந்தது.

பர்பனை விழுங்கியதும் நெஞ்சுக்குள் ஒரு சூடு இறங்கிப் பரவும். அதைக் கென்டக்கி அணைப்பு என்போம். "கையை நெஞ்சுல வைங்க, இப்ப வரும் பாருங்க" என்று கூட்டத்திடம் சொல்வேன். பெஞ்சில் முதல் உருண்டையைக் கடித்த நேடினிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவள் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. மெல்லுவது நின்றது.

"லைல், இதுல இருக்கா?"

"வெள்ளை ரிப்பன்தானே."

"இல்ல, எனக்கு இங்க..."

"பழைய ஞாபகமா இருக்கும். மூச்சு விட்டாலே வாசனைன்னு நீதானே சொன்ன."

அவள் ரிப்பனைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். அவள் உடம்பு ஒன்று சொன்னது, நான் வேறொன்று சொன்னேன். எதை நம்புவது என்று யோசிக்க அவளுக்கு நேரம் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு உருண்டையை எடுத்தாள். பெட்டி காலியாகும்வரை இருவரும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பெட்டியில் இருந்த சரக்கு ஒரு கோப்பைக்குக்கூட வராது என்று உங்கள் மருத்துவர் சொல்லியிருப்பார். சரிதான். மீதியை நான் பாட்டில் பாட்டிலாக வீட்டுக்கு வாங்கி வந்தேன். அவள் நாஷ்வில் போகவே இல்லை. அவள் கேட்டபோது வாங்கினேன். கேட்காதபோதும் மேஜைமேல் வைத்தேன். டெலா போன் செய்தால் தூங்குகிறாள் என்றேன். கண்கள் மஞ்சளாகி, வயிறு வீங்கியபோது மருத்துவமனைக்குக் கொண்டுபோகவில்லை. கொண்டுபோயிருந்தால் அவர்கள் அவளைத் திரும்பவும் நலமாக்கி அனுப்பியிருக்கக்கூடும். "டெலாவைக் கூப்பிடு லைல்" என்று பலமுறை கேட்டாள். "நான் இருக்கேன்ல" என்றேன். போனை வேறு அறையில் வைத்தேன்.

நான் அவளைக் கொன்றேன் என்று டெலா சொல்கிறாள். எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. பெட்டியை மாற்றியவன் நான், மருத்துவரை அழைக்காதவனும் நான். ஆனால் ஒரு நாளாவது அவள் தனியாகக் கிடந்தாளா என்றும் கேட்டு எழுதுங்கள். கடைசிக் காலையில்கூட அவளுக்குப் பிடித்த சோளச் சூப் வைத்து, ஆறவைத்து, ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோனேன். அவள் வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பசி இல்லாமல் இருந்திருக்கும்.